கண்ணீர்த் துளைக்குச் சூடு வைக்கலாமா?



“கண்ணுல மண்ணை வாரிப் போட்ட மாதிரி உறுத்துதுங்க. விடிகாலையில எந்திரிச்சா இமையைப் பிரிக்க முடியல. சொட்டு மருந்து விட்டு விட்டு அலுத்துப் போச்சு. இப்போ பெரிய ஆஸ்பத்திரியில, கண்ணு ஓட்டைக்குச் சூடு வைக்கணும்னு சொல்றாங்க. வச்சுக்கலாமா, வேணாமா?”

கண் வறட்சி முற்றிப் போனவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ‘சூடு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே மாட்டுக்குப் போடும் சூடும், அந்தக் காலத்தில் மஞ்சள்காமாலைக்குக் கையில் வைத்த சூடும்தான் நமக்கு ஞாபகம் வரும். அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. “அஞ்சு நிமிஷ வேலைதானே, செஞ்சு விடுங்க டாக்டர்” என்று ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு.

இரண்டும் சரியில்லை. இது நல்ல சிகிச்சைதான். ஆனால் செய்த பிறகு கண்ணைப் பழையபடி ஆக்குவது கஷ்டம். ஆகவே முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகையில் பலன் தெரிந்துவிட்டால் பிறகு பயந்து தள்ளிப்போடவும் கூடாது. எப்படி என்று பார்ப்போம்.

கண்ணீர் எங்கே போகிறது?

அழும்போது மட்டும்தான் கண்ணீர் வருகிறது என்று நினைக்காதீர்கள். மேலிமைக்கு உள்ளே வெளிப்புற ஓரத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக நீரைச் சுரந்துகொண்டே இருக்கும். இமை ஓரத்திலுள்ள சின்னஞ்சிறு சுரப்பிகள் எண்ணெய்ப் பசையைத் தரும். கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடிய மெல்லிய தோல் வழவழப்பைத் தரும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கண்ணீர். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் இது கண்ணின் மேல் புதிதாகப் பூசப்படுகிறது. கருவிழியின் மேல் தோலில் ரத்தக் குழாய் கிடையாது. அதை ஈரமாக வைத்து, கிருமி அண்டாமல் காப்பது கண்ணீர்தான்.

வேலை முடிந்த கண்ணீர் எங்கே போகிறது? கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். மூக்குப் பக்கத்து ஓரத்தில் கீழிமையை லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல ஒரு புள்ளி தெரியும். மேலிமையிலும் அப்படி ஒன்று உண்டு. கண்ணுக்கு இரண்டாக மொத்தம் நான்கு. இவைதான் கண்ணீர்த் துளைகள். இவற்றின் வழியாகக் கண்ணீர் ஒரு குழாயில் இறங்கி மூக்குக்குள் போய்விடும். அழுதால் மூக்கு ஒழுகுவதும், கண்ணுக்கு மருந்து விட்டால் தொண்டையில் கசப்பதும் இதனால்தான்.

கடலோரச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்ணீர் தேங்காமல் இருக்கக் கான் வெட்டி வைக்கிறோம். வெயில் காலத்தில் அதே கான், இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்போது கானுக்குக் குறுக்கே பலகை போட்டுத் தண்ணீரை நிறுத்துகிறோம் அல்லவா? கண்ணீர்த் துளையை அடைப்பதும் அதே வேலைதான். புதிய கண்ணீர் ஒரு சொட்டுகூட இதனால் ஊறாது. சுரக்கிற கொஞ்சமும், நாம் விடுகிற மருந்தும் ஓடிப்போகாமல் கண்ணிலேயே நிற்கும். அவ்வளவுதான்.

“எனக்குத்தான் கண்ணுல தண்ணியா கொட்டுதே, வறட்சின்னு எப்படிச் சொல்றாங்க?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கண் காய்ந்து எரியும்போது, தூசி விழுந்தது போல எண்ணிக் கண் திடீரென்று தண்ணீரைக் கொட்டும். அது கொட்டிவிட்டு ஓடிவிடும்; மறுபடியும் கண் காய்ந்து போகும். பெருமழை ஓடின மண் மறுநாளே வெடிக்கிற மாதிரிதான்.

எது கடுமையான வறட்சி?

சாதாரண வறட்சி நம்மில் பலருக்கும் உண்டு. மோட்டார் சைக்கிள் காற்று, விறகுப் புகை, கொசுவர்த்திப் புகை, முகத்துக்கு நேராகச் சுற்றும் காற்றாடி, இமைக்காமல் கைப்பேசியைப் பார்ப்பது எல்லாம் கண்ணைக் காய வைக்கும். இதற்கெல்லாம் சூடு தேவையில்லை.

கடுமையான வறட்சி வேறு. நாள் முழுக்க எரிச்சல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், நூல் நூலாகப் பீளை, பார்வை மங்குவதும் தெளிவதுமாக இருப்பது. பால் வெட்டுகிறவருக்குக் கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதே தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருவிழியின் தோல் உரிந்து புண்ணாகும். புண்ணில் கிருமி புகுந்தால் தழும்பு விழும், பார்வையே போகலாம்.

இதை அளக்கச் சோதனைகள் உண்டு. ஒன்று, ஜெர்மனி நாட்டுக் கண் மருத்துவர் ஷிர்மர் 1903-இல் எழுதிய சோதனை. இன்றும் இதைச் செய்கிறார்கள். மை ஒற்றும் தாள் போன்ற ஒரு சிறு பட்டையைக் கீழிமையில் மாட்டி 5 நிமிடம் வைப்பார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் கண்ணீர் மிகவும் குறைவு என்று அர்த்தம். இன்னொன்று, மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பது. கருவிழியில் எங்கெங்கே தோல் உரிந்திருக்கிறதோ அங்கே சாயம் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டையும் பார்க்காமல் சூட்டைப் பற்றி முடிவு செய்ய வேண்டாம்.

காரணம் தெரிய வேண்டும்

வயது ஏற ஏறக் கண்ணீர் குறையும். மாதவிடாய் நின்ற தாய்மார்களுக்கு இது அதிகம். நீரிழிவுக்காரர்களுக்கும் கண் காயும். அதோடு கருவிழியின் உணர்ச்சியும் குறைவதால் புண் வந்ததே தெரியாமல் போகலாம்.

கண்ணோடு வாயும் காய்ந்து, தண்ணீர் குடித்தால்தான் சோறு இறங்குகிறதா? மூட்டு வலியும் இருக்கிறதா? அப்படியானால் ‘ஷோக்ரன்’ நோயா என்று பார்க்க வேண்டும். சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் இதை விளக்கி எழுதினார். உடம்பின் காவல் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்குகிற நோய் இது. வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ரத்தச் சோதனை செய்து உடம்புக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

வலிப்பு, கீல்வாதம் முதலியவற்றுக்குத் தரும் சில மாத்திரைகளும், சல்பா மருந்துகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் கொப்புளம், வாயெல்லாம் புண் என்று ஆகிவிடும். உயிர் பிழைத்தாலும் கண் வறண்டு போகும். மிகக் கடுமையான வறட்சி இவர்களுக்குத்தான் வரும்.

நம் வேலையிலும் ஆபத்து உண்டு. பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா, பாலை உறைய வைக்கும் திராவகம், களைக்கொல்லி மருந்து இவை கண்ணில் தெறித்தால் கண்ணீர் தரும் தோலே வெந்துபோகும். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்ட பாராகுவாட் மருந்தும் கண்ணைப் புண்ணாக்கக் கூடியதுதான். எது தெறித்தாலும் அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வேலையில் பட்ட காயம் என்றால் நிர்வாகத்திடம் சொல்லிச் சொக்சோவில் பதிவு செய்வதையும் மறக்காதீர்கள்.

சில காரணங்களை நீக்கினாலே வறட்சி குறையும். சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர் மாத்திரைகள் கண்ணைக் காய வைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். மாற்றித் தர முடிந்தால் அவர் தருவார்.

சூட்டுக்கு முன்னால் ஏற வேண்டிய படிகள்

முதல் படி, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து. ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிட அதிகம். மூன்று சொட்டு விட்டால் இரண்டு கன்னத்துக்குத்தான். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமலிருக்கச் சேர்க்கும் இரசாயனம் இல்லாத மருந்தாகக் கேளுங்கள். அந்த இரசாயனம் அடிக்கடி பட்டால் காய்ந்த கண்ணை மேலும் புண்ணாக்கும். இரவில் களிம்பு போடலாம்.

இரண்டாவது படி, இமைச் சுரப்பி அடைத்துக்கொண்டவர்களுக்கு ஒத்தடம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை 10 நிமிடம் வைத்து, இமை ஓரத்தை மெதுவாகத் துடைக்க வேண்டும்.

மூன்றாவது படி, கண்ணில் அழற்சி இருந்தால் அதற்கு மருந்து. சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து இதற்கு உண்டு. பலன் தெரிய மாதக் கணக்காகும். சில நேரம் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு தருவார்கள். அதை டாக்டர் பார்வையில்தான் விட வேண்டும். “போன தடவை இது கேட்டுச்சு” என்று கடையில் வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தமும் புரையும் வரும். நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்தே சொட்டு மருந்து செய்து தருவதும் சில ஆஸ்பத்திரிகளில் உண்டு.

தாய்ப்பால், தேன், வெங்காயச் சாறு, பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். காய்ந்த கருவிழியில் கிருமிக்கு வாசல் திறந்தே கிடக்கிறது.

இந்தப் படிகளில் ஏறிப் பார்த்தும் கண் ஆறவில்லை என்றால்தான் துளையை அடைக்கும் பேச்சு வர வேண்டும்.

முதலில் பலகை, பிறகுதான் சிமெண்டு

கானுக்கு எடுத்த எடுப்பிலேயே சிமெண்டுச் சுவர் கட்டுவோமா? பலகை போட்டுப் பார்ப்போம். மழை வந்தால் எடுத்துவிடலாம். கண்ணுக்கும் அப்படிப் பலகை உண்டு. கேழ்வரகு மணியளவுள்ள ஒரு சின்ன அடைப்பான். ‘பிளக்’ என்று சொல்வார்கள். கொலாஜன் என்ற பொருளில் செய்தது சில நாட்களில் தானாகக் கரைந்துவிடும். சிலிக்கோன் அடைப்பான் 1975 முதல் வழக்கத்தில் இருக்கிறது. அது கரையாது, வேண்டாமென்றால் டாக்டர் எடுத்துவிடலாம்.

இதுதான் ஒத்திகை. அடைப்பான் போட்டபின் எரிச்சல் குறைந்ததா, மருந்து விடும் தடவை குறைந்ததா, சாயச் சோதனையில் கருவிழி ஆறியிருக்கிறதா? இதையெல்லாம் பார்க்க வேண்டும். கண்ணீர் வழிந்து கன்னத்தில் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடைப்பானுக்கே கண்ணீர் வழிகிறவருக்குச் சூடு வைத்தால் ஆயுள் முழுக்க வழியும். தலைவிளக்கு வெளிச்சத்தில் மரத்தில் கத்தி போடுகிறவருக்கும், அரிவாளை மேலே தூக்கிக் குலை வெட்டுகிறவருக்கும் இது சின்ன விஷயமில்லை.

அடைப்பான் எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. ஒரு பலனும் தெரியாதவருக்குச் சூட்டிலும் பெரிய பலன் வரப்போவதில்லை. நல்ல பலன் தெரிந்து, ஆனால் அடைப்பான் அடிக்கடி விழுந்துவிடுகிறது, உறுத்துகிறது என்றால் அவருக்குத்தான் சூடு பொருத்தமானது.

சூடு எப்படி வைக்கிறார்கள்?

‘காட்டரி’ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கண் வறட்சிக்காகத் துளைக்குச் சூடு வைப்பது 1930-களிலிருந்தே இருக்கும் முறை. மாட்டுச் சூடு போல இல்லை, பயப்படாதீர்கள். கண்ணில் மரத்துப்போகும் மருந்து விட்டு, துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் கொஞ்சம் வலிக்கும். பிறகு மயிரிழை போன்ற கம்பியின் நுனியைச் சூடாக்கி, துளைக்குள் சில விநாடி வைப்பார்கள். துளையின் சுவர் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். லேசாகத் தீய்ந்த வாடை வரலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்கு வரலாம்.

வழக்கமாகக் கீழ்த் துளைகளில்தான் தொடங்குவார்கள். போதவில்லை என்றால் சில வாரம் கழித்து மேல் துளை. நான்கையும் ஒரே நாளில் அடைப்பதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். சிலருக்குச் சூடு வைத்த துளை மறுபடி திறந்துகொள்ளும். அப்போது திரும்பவும் வைப்பார்கள். ஆனால் “எனக்கு வேண்டாம், திறந்து விடுங்க” என்று நாமாகக் கேட்டால் அதற்கு வேறு அறுவைச் சிகிச்சை வேண்டும். அது எப்போதும் சரியாக வரும் என்று சொல்ல முடியாது.

யாருக்குச் சூடு கூடாது?

கண்ணோரத்தில் மூக்குப் பக்கம் வீங்கி, அழுத்தினால் சீழ் வருகிறவருக்குக் கூடாது. உள்ளே கிருமி இருக்கும்போது வாசலை அடைத்தால் கெடுதல்தான். இமை வீக்கமும் அழற்சியும் அடங்காதவருக்கு இப்போது வேண்டாம். அழுக்குத் தண்ணீரைக் கட்டி வைத்தால் மண்தான் கெடும். முதலில் அழற்சியை ஆற்ற வேண்டும். மாத்திரையால் வந்த வறட்சி, சில மாதத்தில் தானாகத் தீரக்கூடிய வறட்சி இவற்றுக்கு நிரந்தரச் சூடு தேவையில்லை. முகவாதத்தால் இமை மூடாதவருக்கு இமைக்கு வைத்தியம் பார்க்காமல் துளையை மட்டும் அடைத்துப் பயனில்லை. குழந்தைக்குக் கண் காய்ந்து, மாலை மங்கினதும் பார்வை தெரியவில்லை என்றால் அது வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

“பக்கத்து வீட்டு அக்காவுக்கு வச்சாங்க, நல்லாயிடுச்சு” என்று கேட்டுப் போகாதீர்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இந்த விஷயத்துக்கு அப்படியே பொருந்தும்.

டாக்டரிடம் கேளுங்கள்

கீழேயுள்ளதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது, மலாயோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்த மகனையோ மகளையோ கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.

1. எனக்கு வறட்சி வந்த காரணம் என்ன?
2. தாள் சோதனையில் எத்தனை மில்லிமீட்டர்? கருவிழியில் புண் இருக்கிறதா?
3. அடைப்பான் போட்டுப் பார்த்தாயிற்றா? இல்லையென்றால் ஏன்?
4. எந்தத் துளை, எத்தனை துளை அடைக்கப் போகிறீர்கள்?
5. கண்ணீர் வழிந்தால் என்ன செய்வீர்கள்?
6. அதற்குப் பிறகும் எந்த மருந்தை, எத்தனை நாள் விட வேண்டும்?
7. என் வேலை இது. எத்தனை நாள் கழித்துப் போகலாம்?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், நீரிழிவுக்காரர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்று எண்ண வேண்டாம். கண் உங்களுடையது, கையெழுத்தும் உங்களுடையது. விளங்கவில்லை என்றால், “யோசிச்சுட்டு அடுத்த தடவை சொல்றேங்க” என்று சொல்லலாம். ஆனால் கருவிழியில் புண் இருக்கிறது, சீக்கிரம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நாள் கடத்தாதீர்கள்.

செய்த பிறகு

இரண்டு மூன்று நாளைக்குக் கொஞ்சம் வீக்கமும் சிவப்பும் இருக்கும். கொடுத்த களிம்பைச் சொன்ன நாள் வரை போடுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். மருந்தடிக்கும் வேலை, தூசி வேலை, புகை இவற்றைத் தள்ளி வையுங்கள். டாக்டர் எம்.சி. கொடுத்தால் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வருடத்துக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: 2 வருடத்துக்குக் குறைந்த வேலைக்கு 14 நாள், 2 முதல் 5 வருடம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள்.

முதல் சில வாரம் கண்ணீர் கொஞ்சம் வழியலாம். பலருக்கு அது குறைந்துவிடும். சூடு வைத்தாயிற்று என்று சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தடவை குறையலாமே தவிர, பெரும்பாலானவர்களுக்கு மருந்து தொடர வேண்டும். மறுசோதனை நாளையும் தவற விடாதீர்கள்.

கண் திடீரென்று சிவந்து கடுமையாக வலித்தாலோ, பார்வை குறைந்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, சீழ் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சம்பள நாள் வரட்டும், திருவிழா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்குச் செலவு சில வெள்ளிதான்.

சுருக்கமாகச் சொல்கிறோம். காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மருந்தை ஒழுங்காக விடுங்கள். அடைப்பான் போட்டு ஒத்திகை பாருங்கள். அதில் கண் குளிர்ந்தால், சூட்டுக்குப் பயப்படாதீர்கள். குளிரவில்லை என்றால், எத்தனை பேர் சொன்னாலும் அவசரப்படாதீர்கள்.